வாசற்படிக்கும் பஞ்சிங் மெஷினுக்கும் நடுவே

திருப்பூரில் பனியன் தொழிலாளர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



உங்களுக்கும் நேரம் குறைவு, எனக்கும் நேரம் குறைவு. நேராக ஒரு வழக்குக்கு வந்துவிடுகிறேன்.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 22. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே ஒரு காவலாளி. அவருக்கு டூட்டி அதிகாலை 3 மணிக்கு ஆரம்பித்து முற்பகல் 11 மணிக்கு முடியும். அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஆலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்து. இறந்துபோனார்.

மனைவி, பிள்ளைகள், தாய் என்று பின்னால் ஒரு குடும்பம். இழப்பீடு கேட்டார்கள். ஆணையர் 2009இல் 3,26,140 ரூபாயும் அதற்கு 12 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னார். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆள் ஆலைக்குள் கால் வைக்கவில்லை, வேலையைத் தொடங்கவில்லை, பொதுச் சாலையில் நடந்த விபத்துக்கு வேலை கொடுத்தவர் எப்படிப் பொறுப்பாவார் என்பதுதான் காப்பீட்டுத் தரப்பின் வாதம். குடும்பம் டெல்லி வரைக்கும் போனது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் கே.வி. விஸ்வநாதனும் 2025 ஜூலை 29 அன்று தீர்ப்பளித்தார்கள். ஆணையர் சொன்னதே சரி என்றார்கள்.

விபத்து நடந்து 22 வருஷம் கழித்து! இந்த வட்டியைச் சாதாரண வட்டியாகக் கணக்குப் போட்டாலும் அசலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வருகிறது. அவ்வளவு காலம் இழுத்தடித்து யாருக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவே இல்லை. அந்தப் பிள்ளைகள் அப்பா இல்லாமலேயே வளர்ந்து ஆளாகியிருப்பார்கள்.

அந்த வழக்கில் என் மனதில் தைத்தது அந்த 3 மணிதான். எந்த மனிதன் தன் சொந்த விருப்பத்துக்கு அதிகாலை இரண்டு, இரண்டரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு இருட்டில் கிளம்புவான்? அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தது ஆலை. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது ஆலையின் ஷிப்ட் அட்டவணை. சாலை பொதுச் சாலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் அதில் பொதுஜனமாகப் போகவில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923இல். 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1897இல் பிரிட்டன் போட்ட சட்டத்தின் வார்ப்பு அது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நடந்த விபத்தாக இருந்தால் மட்டும் இழப்பீடு. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். மெஷினில் விரல் போனால் கேள்வியே இல்லை. சாரம் சரிந்தால் கேள்வியே இல்லை. வழக்குமன்றம் தலையைப் பிய்த்துக்கொண்டது, வீட்டு வாசற்படிக்கும் கம்பெனி கேட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான். அந்தத் தூரம் யார் கணக்கில்?

பழைய பதில் கறாரானது. கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் கம்பெனி கணக்கு. வெளியே இருந்தால் உன் கணக்கு. பிறகு நீதிமன்றங்களே கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கேட்டை வெளியே தள்ளி வைத்தன. கம்பெனிக்குச் சொந்தமான பாதை, கம்பெனி கேட்டை ஒட்டிய இடம் என்று. வக்கீல்கள் இதை நோஷனல் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். வேலையிடம் நிஜத்தில் முடிகிற எல்லைக்கு அப்பாலும் அது நீள்வதாகச் சட்டம் பாவித்துக்கொள்வது.

எவ்வளவு தூரம் நீளும்? இதற்கு இரண்டு பழைய வழக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் யாராவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது குஜராத்தில் போர்பந்தர் பக்கம் ஓர் உப்பளம். தொழிலாளர்கள் ஓர் உப்பங்கழியைப் படகில் கடந்து போய் வர வேண்டும். 1952இல் வேலை முடிந்து திரும்பும்போது படகு கவிழ்ந்து ஆட்கள் செத்தார்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கிடையாது என்றது. படகு கம்பெனியுடையது அல்ல, காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் ஏறலாம். பொதுச் சாலையிலோ பொதுப் படகிலோ போகிறவன் மற்ற ஜனங்களைப்போல் ஒருவன். அவன் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று வேலை கட்டாயப்படுத்தியிருந்தால்தான் கதை வேறு. இதுதான் நியாயமாகச் சொல்லப்பட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உப்பளம் கழிக்கு அக்கரையில் இருந்தால் உப்பு வாருகிறவன் கழியைக் கடக்காமல் வேறென்ன செய்வான்?

இரண்டாவது வழக்கு பம்பாய் நகரப் பேருந்து, பெஸ்ட். 1957இல் ஒரு டிரைவர் மாலை டூட்டி முடிந்து ஜோகேஸ்வரி டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போக இன்னொரு பெஸ்ட் பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ் நின்றுகொண்டிருந்த லாரியில் மோதியது. டிரைவர் இறந்தார். டூட்டி முடிந்துவிட்டது, அவர் அப்போது ஒரு பயணி, அவ்வளவுதானே? இல்லை என்றது 1963இல் உச்ச நீதிமன்றம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். சீருடையில் இருக்கும் டிரைவருக்குத் தங்கள் பஸ்களில் இலவசமாகப் போய்வர நிர்வாகம் இடம் கொடுத்தது தர்மத்துக்காக அல்ல. அவ்வளவு பெரிய நகரத்தில் டிரைவர் சரியான நேரத்துக்கு வர வேண்டும், களைத்துப்போகாமல் வர வேண்டும் என்று தன் சேவைக்காகவே செய்தது. அப்படியானால் அந்தப் பயணமும் வேலையின் பகுதி. நீதிபதி ரகுபர் தயாள் இதற்கு உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படகில் போனவனுக்கு இல்லை, பஸ்ஸில் போனவனுக்கு உண்டு. வாகனம் யாருடையது என்பதில் போய் நின்றுகொண்டது சட்டம். இதனால்தான் உங்களில் கம்பெனி வேனில் ஊத்துக்குளியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் வருகிற சகோதரிகளுக்கு முன்பிருந்தே ஓரளவு பாதுகாப்பு இருந்தது. இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 51சி என்று ஒரு பிரிவு. நிர்வாகமோ நிர்வாகத்தின் ஏற்பாட்டில் வேறொருவரோ ஓட்டுகிற வண்டியில், நிர்வாகத்தின் அனுமதியோடு வந்தால், வழியில் நடக்கும் விபத்து வேலை விபத்தாகக் கொள்ளப்படும். வேன் காண்ட்ராக்டருடையது, எங்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்பாடு யாருடையது என்பதுதான் கேள்வி.

சொந்த டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிற ஆளுக்குத்தான் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. இதற்கு ஒரு கேரள வழக்கு இருக்கிறது, கேட்டால் வயிறு எரியும். 1971இல் ஒரு தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போகிறார். ஷிப்ட் நாலரைக்கு. நாலேகால் மணிக்கு, ஃபேக்டரிக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், ஒரு லாரி இடித்துத் தள்ளுகிறது. லாரி யாருடையது? அவர் வேலை பார்க்கிற அதே கம்பெனியுடையது! கீழ் மன்றங்கள் அவருக்குச் சாதகமாகச் சொல்லின. 1996இல் உச்ச நீதிமன்றம் அது வேலை விபத்து அல்ல என்று முடித்துவிட்டது. டூட்டி தொடங்கவில்லை, இடம் பொதுச் சாலை. கம்பெனி லாரியே இடித்தாலும் பொதுச் சாலைதான்.

இதை மாற்றியது நாடாளுமன்றம். 2010இல் இஎஸ்ஐ சட்டத்தில் 51இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்த வருஷம் ஜூன் 1 முதல் அமலானது. வீட்டிலிருந்து டூட்டிக்கு வரும்போதோ, டூட்டி முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதோ நடக்கும் விபத்து வேலையால் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். ஆனால் விபத்து நடந்த சூழ்நிலை, நேரம், இடம் மூன்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். நல்ல பிரிவு. ஆனால் இஎஸ்ஐயில் இருக்கிறவர்களுக்கு மட்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. அந்தச் சர்க்கரை ஆலைக் காவலாளி விழுந்தது இந்த இடைவெளியில்தான்.

2025 தீர்ப்பு இந்த இடைவெளியை அடைத்தது. இரண்டு சட்டங்களும் ஒரே நோக்கத்துக்காக ஒரே சொற்களில் எழுதப்பட்டவை, ஒன்றில் வழிப்பயணம் அடங்கும் என்றால் மற்றதிலும் அடங்கும் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். 51இ புதிதாக ஓர் உரிமையைக் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் தெளிவுபடுத்தியது. ஆகவே அதற்கு முன் நடந்த விபத்துகளுக்கும் பொருந்தும். 2003இல் இறந்தவருக்கு 2010இல் வந்த பிரிவு இப்படித்தான் கைகொடுத்தது. பிறகு 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான விபத்து அதிலும் அதே நிபந்தனையோடு இடம்பெற்றிருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் எனக்கு வேறு பல சண்டைகள் உண்டு, அதற்கு வேறொரு கூட்டம் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பாதகம் இல்லை.

இப்போது எதிர்த் தரப்பு. இங்கே சிறு கம்பெனி நடத்துகிற இரண்டு மூன்று பேரும் வந்திருக்கிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே கேள்வி தெரிகிறது. சாலையில் குழி இருந்தால் அது நகராட்சி, எதிரே வந்தவன் குடித்திருந்தால் அது அவன் தப்பு, நான் என்ன செய்தேன்? நியாயமான கேள்வி. பதில் இதுதான்: நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. இழப்பீட்டுச் சட்டம் பிறந்ததே, யார் தப்பு என்ற விசாரணையை ஒதுக்கிவைப்பதற்குத்தான். மெஷினில் கை போனபோதும் பல சமயம் முதலாளி தப்பு செய்திருக்க மாட்டார். வேலை நடந்தால் அதில் இத்தனை கை கால் போகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பொருளின் விலையில் ஏற வேண்டுமே ஒழிய, கூலிக்காரன் வீட்டு அடுப்பில் ஏறக் கூடாது.

தனி முதலாளி ஒருவர் தலையில் அத்தனையும் விழுந்தால் அவர் தாங்க மாட்டார் என்பதும் உண்மை. பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவரிடம் பதினைந்து லட்சம் கேட்டால் மறுநாள் ஷட்டர் இறங்கிவிடும். அதனால்தான் நான் இஎஸ்ஐ கட்சி. ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோதே முதலாளிகளைத் தொழில்வாரியாகச் சேர்த்துப் பொது நிதி வைத்தது. 1925இலேயே வேலைக்குப் போய்வரும் வழியையும் அதில் சேர்த்துவிட்டது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே 1925, இங்கே 2010. ஜப்பானில் 1973. பொது நிதி இருக்கும் நாடுகளில் இந்தப் பாதுகாப்பு சீக்கிரம் வந்தது. முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் நின்று வழக்காடுகிற நாடுகளில் தாமதமாக வந்தது அல்லது வரவே இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போய்வருவது இன்றும் உன் பாடு என்பதுதான் பொது விதி. முதலாளி விசேஷமாக ஒரு வேலைக்கு அனுப்பினார், பயணமே உத்தியோகம் என்பவை போன்ற விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

சரி, தொடர்பு காட்ட வேண்டும் என்கிறதே சட்டம், அது என்ன தொடர்பு? உங்களுக்கு நடைமுறையில் இதுதான் முக்கியம்.

வழக்கமான வழியில், வழக்கமான நேரத்தில் விபத்து என்றால் சிக்கல் இல்லை. காலை எட்டரைக்கு வேலை, எட்டு மணிக்குப் பல்லடம் ரோட்டில் விழுந்தீர்கள், வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, போதும். சிக்கல் எங்கே வருகிறது? வழியில் பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருகிற தாய்க்கு. சாயங்காலம் ரேஷன் கடையில் நின்று பாமாயில் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு. சிநேகிதன் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு. மூன்றும் ஒன்றல்ல. நம் சட்டத்தில் இதற்கெல்லாம் பட்டியல் போட்டு எழுதவில்லை, வழக்கு வழக்காகத்தான் தீர்மானமாக வேண்டும். அதனால் மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது உபயோகம்.

ஜெர்மனியில் வேலைக்குப் போகும்போது பிள்ளையைக் காப்பகத்தில் விடுவதற்காகச் சுற்றிப் போனாலும் பாதுகாப்பு உண்டு. சக தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரே காரில் போவதற்காகச் சுற்றினாலும் உண்டு. ஆனால் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினால் அது உன் சொந்த வேலை என்று அவர்கள் நீதிமன்றம் கறாராகச் சொல்கிறது. எனக்கு இது விசித்திரமாகப் படுகிறது, பெட்ரோல் இல்லாமல் வண்டி எப்படி ஆபீஸ் போகும்? ஜப்பானில் அன்றாடத் தேவைக்கான சாமான் வாங்க வழியைவிட்டு விலகினால், விலகியிருக்கும் நேரத்துக்குப் பாதுகாப்பு இல்லை. திரும்ப வழிக்கு வந்துவிட்டால் மறுபடி உண்டு. மலேசியாவில், அங்கே தோட்டத்திலும் ஆலையிலும் நம் ஆட்கள் ஏராளம், பெர்கெசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வழியைச் சேர்க்கிறது, இடைவேளையில் சாப்பிடப் போகும் வழியையும் சேர்க்கிறது.

2021 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற ஒருவர் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து, கீழே இருக்கிற தன் வேலை அறைக்கு வளைந்த படிக்கட்டில் இறங்கும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பு உடைந்துவிட்டது. நேராக வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், ஆகவே வேலை விபத்து என்றது நீதிமன்றம். சிரிக்காதீர்கள். நம் ஊரில் வீட்டிலேயே பிசிர் வெட்டுகிற, டேமேஜ் பார்க்கிற பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் வேலையிடம் எது, வீடு எது என்று யாராவது ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள்.

பால்வாடி விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை எங்காவது விட்டால்தான் அந்தப் பெண் மெஷினில் உட்கார முடியும். அது வேலைக்குப் போவதன் ஓர் அங்கம். இந்த வாதத்தை இங்கே உள்ள இளம் வக்கீல்கள் யாராவது எடுத்துக்கொண்டு போய் ஜெயிக்க வேண்டும்.

வேலைக்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் வேறு ரகம். லைன்மேன், டெலிவரி, கலெக்‌ஷன், மருந்து விற்பனைப் பிரதிநிதி, லாரி டிரைவர். இவர்களுக்கு ரோடே வேலையிடம், வண்டியில் இருக்கும்போது அடிபட்டால் பெரிய தகராறு இல்லை. வண்டியைவிட்டு இறங்கிய பிறகுதான் தகராறு. இதிலும் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்கலாம்.

ஒரு டிரைவர் பயணிகளை ஏற்றிக்கொண்டு கர்நாடகத்தில் ஒரு கோயிலுக்குப் போகிறார். அவர்கள் சாமி கும்பிடப் போன நேரத்தில் கோயில் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். வழுக்கித் தண்ணீரில் விழுந்து மூழ்கிவிட்டார். 2009இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு மறுத்தது. குளத்தில் விழுந்ததற்கும் வண்டி ஓட்டுவதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னொரு டிரைவர், மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கும் புர்ஹான்பூருக்கும் பஸ் ஓட்டுகிறவர். இரவு நிலையத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, அதன் கூரை மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஏணியில் இறங்கும்போது தவறி விழுந்து இறந்தார். 2019இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடு என்றது. காலையில் பஸ் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸோடு கிடந்தார், தன் சுகத்துக்காக அல்ல என்றது. 1963 பெஸ்ட் தீர்ப்பைத்தான் இதற்கும் எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு இறங்கினவருக்கு உண்டு, படிக்கட்டில் காத்திருந்தவருக்கு இல்லை. காத்திருப்பதும் டிரைவர் வேலைதான் என்பது வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குளத்து வழக்கில் அதை யாரும் நீதிமன்றத்தின் மண்டையில் ஏற்றவில்லை போலும். விபத்து நடந்த நிமிஷத்தில் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் பல வழக்கு தோற்கும். அவர் ஏன் அந்த இடத்தில் இருந்தார் என்று கேட்டால் ஜெயிக்கும்.

இனி பணம். பழைய சட்டத்தின் கணக்கைச் சொல்கிறேன், புதிய தொகுப்பும் இதே அடிப்படையில்தான் போகிறது. மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், 2020 ஜனவரியிலிருந்து இதுதான் உச்சவரம்பு. 7,500ஐ 207.98ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரே தடவை. இஎஸ்ஐயில் மொத்தமாகக் கிடையாது, சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். கையில் மொத்தப் பணம் வந்த மறுநாள் வீட்டைச் சுற்றி எத்தனை சொந்தக்காரர்கள் முளைப்பார்கள் என்று பார்த்தவன் நான். மாதாமாதம் வருவதே மேல்.

இஎஸ்ஐ தொழிலாளிக்கு உயிர் போகாத விபத்திலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வழியில் விழுந்து கால் உடைந்து மூன்று மாதம், நாலு மாதம் படுத்துவிட்டார் என்று வையுங்கள். அதைச் சாதாரண நோய் விடுப்பாக எழுதினால் 70 சதவீதம்தான், அதுவும் 91 நாள் வரைக்கும்தான், அதற்கும் இவ்வளவு நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வேலை விபத்து என்று எழுதினால் 90 சதவீதம், குணமாகும் வரைக்கும். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25. இருவரும் கட்டிய காசுக்கு உரிமையான பலனை, ஒரு ஃபாரத்தில் தப்பாக எழுதியதால் விட்டுவிடுகிறார்கள். எச்ஆரில் இருக்கிற பையனுக்கே 51இ தெரியாது, அவன் சிக் லீவ் என்று போட்டுவிட்டுப் போய்விடுவான்.

மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே அதிகம் கிடைக்குமே என்று கேட்பீர்கள். எதிர் வண்டிக்காரன் தப்பு, அவனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்றால் அங்கே அதிகம் கிடைக்கலாம்தான். அந்த வழியா இழப்பீட்டு ஆணையரா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டிலும் வாங்க முடியாது. ஆனால் எதிரே வண்டியே இல்லை என்றால்? மழையில் வழுக்கியது, நாய் குறுக்கே வந்தது, இருட்டில் குழி தெரியவில்லை. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி என்றால் அரசு திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000, அவ்வளவுதான். யாரும் இடிக்காமல் தானாக விழுந்தவருக்கு அதுவும் இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கண் சொருகிக்கொண்டு வண்டி ஓட்டிப் போகிறவர் தானாகத்தான் விழுவார். வழி விபத்துச் சட்டம் யாருக்காக வந்தது என்றால் முதலில் இவருக்காகத்தான்.

எனவே விழுந்த அன்றைக்கே மூன்று காரியம். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது 'வண்டியிலிருந்து விழுந்தார்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். வேலைக்குப் போகும்போது, வேலை முடிந்து திரும்பும்போது என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பிறகு ஐந்து சாட்சிக்குச் சமம். போலீஸில் புகார் கொடுங்கள், எஃப்ஐஆர் நகல் வாங்குங்கள், நேரமும் இடமும் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, அழித்துவிடாமல் வையுங்கள். அன்றைய டூட்டி சீட்டு, பஞ்சிங் பதிவு, வேன் பாஸ், எது இருந்தாலும் பத்திரம். இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, அதற்காகக் காரியம் முடிந்து பதினாறாம் நாள் வரைக்கும் காகிதத்தைத் தேடாமல் இருக்காதீர்கள். நம் மாநிலத்தில் இந்த மனுக்களை விசாரிப்பது தொழிலாளர் துறை அதிகாரிகள்.

ஒரு மாதத்துக்குள் முதலாளி கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் பாதித் தொகை வரை அபராதமும் ஏறும். குடித்திருந்தார் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்தச் சாக்கு செல்லாது.

சட்டத்தின் கைக்கு எட்டாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இஎஸ்ஐ பத்து பேர் இருக்கிற இடத்துக்குத்தான் கட்டாயம். அபாயகரமான தொழில் என்றால் மட்டும் ஒருவர் இருந்தாலும் உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் வெளியே, இந்த வரம்பு 2017இலிருந்து ஏறவே இல்லை. உணவு டெலிவரி பையனுக்கு ரோடுதான் வேலையிடம், ஆனால் அவனைத் தொழிலாளி என்று கம்பெனி ஒப்புக்கொள்வதில்லை, பார்ட்னர் என்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் அவர்களுக்கு நல வாரியம் அமைத்தார்கள், நல்லது, ஆனால் வாரியம் தருகிற உதவித்தொகை வேறு, முதலாளி மேல் உள்ள உரிமை வேறு. சிங்கப்பூரில் நம் ஊர்ப் பிள்ளைகள் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி முதலாளி ஏற்பாடு செய்த வண்டி என்பதால் விபத்துக்கு இழப்பீடு உண்டு. மற்றபடி எம்ஆர்டி ரயிலில் போய் விழுந்தால் இல்லை. இழப்பீடு இருப்பதைவிட லாரியில் ஏற்றாமல் இருப்பது மேல் என்று அங்கே பலர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கேயும் அதே லாரி உண்டு. களை எடுக்க, வெங்காயம் பிடுங்க, குட்டி யானையில் இருபது பெண்களை நிறுத்தி வைத்துக் கொண்டுபோகிறார்கள். அது சரக்கு வண்டி, அதன் இன்சூரன்ஸ் இவர்களுக்குப் பேசாது. கூட்டிப்போனவர் மேஸ்திரி, தோட்டம் வேறொருவருடையது, வண்டி மூன்றாவது ஆளுடையது. நான் முதலாளி இல்லை என்று மூவரும் சொல்வார்கள். தன் தொழிலுக்காகக் காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்குகிறவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. தோட்டக்காரரை முதலில் எதிர்மனுதாரராகச் சேருங்கள், பிறகு அவர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அப்படி ஒரு வண்டி பல்லடம் பக்கமோ தாராபுரம் பக்கமோ கவிழ்ந்தது என்று பேப்பரில் படித்தால், இங்கே உட்கார்ந்திருக்கிற வக்கீல்களில் ஒருவராவது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி நடத்துகிறவர்கள் முதலில் கேளுங்கள்.